ஒருநாளும் ஸ்டக் ஆகாத டிரைவருக்கு லாக்டெப் ஏன் எச்சரிக்கை தருகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நானே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். திருகோணமலை உட்துறைமுகத்தில் ஒரு இறங்குதுறையில் கடல்நீரின் வெப்பத்தையும் மட்டத்தையும் அளக்கிற யூஎஸ்பி சென்சர் ஒன்று, அதற்குப் படிப்புக்காக நீங்களே எழுதிய லினக்ஸ் கர்னல் டிரைவர், அது ஓடுவது ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினியில். லாக்டெப் என்ற லாக் பரிசோதனையை ஆன் பண்ணிக் கர்னலை புதிதாகக் கட்டி ஓடவிட்டபோது, லாக்குகள் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகள்) வட்டமாக ஒன்றையொன்று சார்ந்திருக்கக்கூடும் என்று ஒரு நீளமான எச்சரிக்கை வந்திருக்கிறது. ஆனால் கருவி ஒருதடவையும் ஸ்டக் ஆகவில்லை. அதனால் இது பொய் எச்சரிக்கையா, மியூடெக்ஸ்_ட்ரைலாக் (லாக் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பும் அழைப்பு) போட்டு அதன் வாயை அடைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்கள் கேள்வி, இதுவரை நடக்காத ஒன்றுக்காக ஒழுங்காக ஓடுகிற கோடில் கைவைக்க வேண்டுமா என்பதுதான்.

வைக்க வேண்டும். எச்சரிக்கை பொய் இல்லை, திருத்தமும் பெரியதில்லை, சில வரிகளை இடம் மாற்றினால் போதும். ட்ரைலாக் மட்டும் வேண்டவே வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். எம்பெடெட் லினக்ஸில் டிரைவர் எழுதுவதுதான் என் பிழைப்பு, இந்த வகைப் பிழையை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் நீங்கள் போட்டிருப்பது டிஸ்கனெக்ட் (கருவி கழன்றால் ஓடுவது), வொர்க் (பின்னணியில் ஓடவிடும் வேலை), யூஆர்பி கால்பேக் (யூஎஸ்பி கோரிக்கையான யூஆர்பி முடிந்ததும் ஓடுவது) ஆகிய மூன்று ஃபங்க்ஷன்களும் எச்சரிக்கையின் பாதியும்தான். ரீட், ஓப்பன், புரோப் (கருவி பூட்டப்படும்போது ஓடுவது) எதையும் காட்டவில்லை. ஆகவே முதல் இரண்டு விஷயத்தையும் அடித்துச் சொல்வேன், அதற்குப் பிறகு வருவதெல்லாம் நீங்கள் உங்கள் கோடோடு ஒத்துப்பார்க்க வேண்டியவை. போனில் தட்டுவதால் ஃபங்க்ஷன் பெயர்களையும் தமிழிலேயே எழுதுகிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

லாக்டெப் என்ன பார்க்கிறது என்று விளங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இங்கோ மோல்னார் எழுதி 2006 இல் 2.6.18 கர்னலோடு வந்தது இது. இது டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து எல்லாமே நின்றுபோவது) நடக்கும்வரை காத்திருந்து பிடிக்கிற கருவி இல்லை. எந்த லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்த லாக் கேட்கப்பட்டது என்ற வரிசையை மட்டும் குறித்துவைக்கிறது. நேற்றுக் காலை ஒரு இடத்தில் 'அ' வைப் பிடித்துக்கொண்டு 'ஆ' கேட்டீர்கள், இன்று மாலை வேறொரு இடத்தில் 'ஆ' வைப் பிடித்துக்கொண்டு 'அ' கேட்டீர்கள் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காவிட்டாலும் அதற்குக் கணக்குத் தெரிந்துவிடும். படகை எடுத்தவர் எஞ்சினுக்காகவும் எஞ்சினை எடுத்தவர் படகுக்காகவும் கரையில் குந்திக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே கடலுக்குப் போகமாட்டார்கள். இன்றைக்கு ஒருவர் பிந்தி வந்ததால் தொழில் நடந்தது என்பது அந்த ஏற்பாடு சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. 1971 இல் கோஃப்மனும் கூட இருந்தவர்களும் டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள், நான்கும் சேர்ந்தால்தான் மாட்டும், ஒன்றை உடைத்தால் போதும். டிரைவர் எழுதுகிறவர் கையில் நடைமுறையில் இருப்பது கடைசி ஒன்றுதான், வட்டமாகக் காத்திருப்பதை உடைப்பது. லாக்டெப் தேடுவதும் அந்த வட்டத்தைத்தான்.

இனி உங்கள் எச்சரிக்கைக்கு வருவோம். டிஸ்கனெக்ட் ஃபங்க்ஷனில் முதல் வேலையாக உங்கள் மியூடெக்ஸைப் (கிடைக்கும்வரை தூங்கிக் காத்திருக்கும் வகை லாக்) பிடிக்கிறீர்கள், அதை வைத்துக்கொண்டே கேன்சல்_வொர்க்_சிங்க் அழைக்கிறீர்கள், எல்லாம் முடிந்த பிறகு விடுகிறீர்கள். வொர்க் ஃபங்க்ஷனின் முதல் வரியோ அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. கேன்சல்_வொர்க்_சிங்க் என்பதில் அந்த 'சிங்க்' தான் விஷயம்: வொர்க் வரிசையில் காத்திருந்தால் அதை எடுத்துவிடும், ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டால் முடியும்வரை நிற்கும். ஓடத் தொடங்கிய வொர்க் மியூடெக்ஸுக்காக நிற்க, மியூடெக்ஸை வைத்திருக்கும் டிஸ்கனெக்ட் வொர்க் முடியட்டும் என்று நிற்க, கதை முடிந்தது. இங்கே லாக் ஒன்றுதானே, வட்டம் எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். வொர்க் முடியக் காத்திருப்பதையே லாக்டெப் ஒரு போலி லாக்காகக் கணக்கெடுக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் வொர்க்_கம்ப்ளீஷன் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே, அதுதான் இரண்டாவது லாக். சங்கிலியில் பூச்சியம் என்று எண் போட்டிருப்பது இப்போது கேட்கிற லாக், அதாவது டிஸ்கனெக்ட் பக்கம். ஒன்று என்று போட்டிருப்பது முன்பு எப்போதோ வொர்க் ஓடியபோது குறித்துவைத்த பழைய வரிசை. இந்த இரண்டு பகுதியின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்க்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும், நடுவில் வரும் மற்ற வரிகளில் தலையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

சரி, அப்படியானால் ஏன் இதுவரை மாட்டவில்லை? உங்கள் வொர்க் செக்கனுக்கு ஒருதடவை, மிகக் கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது. அது ஓடத் தொடங்கி, ஆனால் மியூடெக்ஸ் இன்னும் கைக்கு வராத அந்தச் சின்ன இடைவெளியில் டிஸ்கனெக்ட் முந்திக்கொள்ள வேண்டும். மேசையில் வைத்துக் கழற்றிக் கழற்றிப் பார்த்தால் அது அநேகமாக நடக்காது. ஆனால் ரீட் ஃபங்க்ஷனும் இதே மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு நேரம் எடுத்தால் (அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்) வொர்க்கும் டிஸ்கனெக்ட்டும் இரண்டுமே அதன் வாசலில் வரிசையில் நிற்கும், இடைவெளி நன்றாக அகலும். அதோடு உங்கள் கருவி இருக்கப்போவது கடற்கரையில். நானும் இருப்பது உவர்மலையில்தான், இங்கே உப்புக்காற்றில் யூஎஸ்பி கனெக்டர்கள் என்ன பாடுபடும் என்று தெரியும்: பித்தளை பச்சை பிடித்து, தொடர்பு விட்டு விட்டு வரும், வாடைக் காலத்தில் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவை தொடர்பு விடும்போதும் கர்னலுக்கு அது கழற்றிப் பூட்டியது மாதிரித்தான். லாபில் எப்போதாவது ஓடுகிற டிஸ்கனெக்ட் பாதை அங்கே சர்வசாதாரணமாக ஓடும். மாட்டிக்கொண்டால் உங்கள் சென்சரோடு போகாது. கழற்றும்போது டிஸ்கனெக்ட் ஓடுவது ஹப்பைக் கவனிக்கிற கர்னல் வொர்க்கருக்குள். அது நின்றால் அந்த ஹப்பில் புதிதாக எதைச் செருகினாலும் தெரியவராது, பை 3 இல் நான்கு போர்ட்டும் ஒரே உள் ஹப்பில்தான் இருக்கின்றன. ரீபூட் கட்டளைகூட முடியாமல் நிற்கலாம், யாராவது இறங்குதுறைக்குப் போய் வயரைப் பிடுங்க வேண்டிவரும்.

இப்போது பிழையான வைத்தியங்கள். வொர்க்கில் ட்ரைலாக் போட்டுக் கிடைக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்கிறீர்கள். லாக்டெப் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் ரீட் யாராவது மியூடெக்ஸை வைத்திருக்கிற நேரமெல்லாம் உங்கள் அளவீடு சத்தமில்லாமல் தொலையும், வொர்க்கின் முடிவில் அடுத்த யூஆர்பியை அனுப்புகிறீர்கள் என்பதால் ஒருமுறை திரும்பிவிட்டால் அந்தச் சுழற்சியே நின்றுவிடும். டிஸ்கனெக்டில் ட்ரைலாக் போடுவது அதைவிட அபத்தம், கருவி போய்விட்டது, இப்போது வேலையில்லை பிறகு வா என்று சொல்ல அங்கே வழியே இல்லை. சிலர் 'சிங்க்' இல்லாத கேன்சல்_வொர்க்கைப் போடச் சொல்வார்கள். அதில் டெட்லாக் போய், நினைவகத்தை விடுவித்த பிறகும் வொர்க் ஓடுகிற பிழை வரும், இது முந்தியதைவிட மோசம், ஏனென்றால் இது நிற்காது, எங்கேயோ கெடுத்துவிட்டுப் போகும். மியூடெக்ஸ்_லாக்_நெஸ்டெட் என்பதும் வாயடைப்புத்தான். ஒரே வகை லாக் இரண்டைத் தாய் பிள்ளை மாதிரி நிச்சயமான ஒழுங்கில் பிடிக்கிற இடத்துக்காகச் செய்தது அது, உங்களுக்கு இருப்பதோ ஒரே ஒரு மியூடெக்ஸ். மியூடெக்ஸை ஸ்பின்லாக்காக (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) மாற்றினால் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடிய எதையும் அழைக்க முடியாது, கேன்சல்_வொர்க்_சிங்க் தூங்கும், ஆகவே அதுவும் சரிவராது.

சரியான வழி, அந்த மியூடெக்ஸ் எதைக் காக்கிறது என்று கேட்பதில் தொடங்குகிறது. உங்கள் கோடில் அது காப்பது ஒரு பஃபரையும் சில நிலை மாறிகளையும். டிஸ்கனெக்டில் அந்தத் தரவில் நீங்கள் தொடுவது ஒன்றே ஒன்று, 'கருவி போய்விட்டது' என்ற கொடி. அப்படியென்றால் மியூடெக்ஸ் அந்த ஒரு வரிக்குத்தான் தேவை. பிடியுங்கள், கொடியை ஏற்றுங்கள், விடுங்கள். அதன்பிறகு கையில் எந்த லாக்கும் இல்லாமல் மற்ற வேலைகள். முதலில் ரீடில் தூங்கிக்கொண்டிருப்பவர்களை வேக்_அப்_ஆல் கொண்டு எழுப்புங்கள், எழும்பியதும் அவர்கள் கொடியைப் பார்த்து, கருவி இல்லை என்ற பிழையோடு திரும்ப வேண்டும். பிறகு யூஆர்பியை நிறுத்துங்கள், அதன்பிறகு கேன்சல்_வொர்க்_சிங்க், கடைசியில் நினைவகம். வொர்க்கும் மியூடெக்ஸ் கிடைத்தவுடன் கொடியைப் பார்த்து, ஏறியிருந்தால் ஒன்றும் செய்யாமல் போய்விட வேண்டும்.

இதில் யூஆர்பியை எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கால்பேக் வொர்க்கை வரிசையில் போடுகிறது, வொர்க் திரும்ப யூஆர்பியை அனுப்புகிறது, கோழியா முட்டையா மாதிரி. யூஎஸ்பி_கில்_யூஆர்பி போட்டால், அது ஓடுகிறதை முடித்துக்கொண்டு திரும்பும், ஆனால் திரும்பிய அடுத்த கணம் வொர்க் அதே யூஆர்பியை மறுபடி அனுப்பலாம், கில் அதைத் தடுக்காது. வொர்க்கை முதலில் கேன்சல் பண்ணினால் கால்பேக் வந்து இன்னொன்றை வரிசையில் போடும். இதற்கு யூஎஸ்பி_பாய்சன்_யூஆர்பி இருக்கிறது: ஓடுகிறதையும் நிறுத்தும், அதன்பிறகு யார் அனுப்பப் பார்த்தாலும் பிழை கொடுத்துத் திருப்பிவிடும். ஆகவே முதலில் பாய்சன், பிறகு கேன்சல். பாய்சனும் கில்லும் கால்பேக் முடியும்வரை தூங்கிக் காத்திருப்பவை, ஆதலால் கால்பேக் பிடிக்கிற எந்த லாக்கையும் வைத்துக்கொண்டு அவற்றை அழைக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு வட்டத்தை உடைத்து இன்னொன்றைக் கட்டியதாகிவிடும். புதிய கர்னல் என்றால் டிசேபிள்_வொர்க்_சிங்க் என்று ஒன்றும் உண்டு, கேன்சல் பண்ணுவதோடு இனிமேல் வரிசையில் போடவும் விடாது. அது இருந்தால் அதையே பாவியுங்கள்.

அடித்துச் சொல்கிற இரண்டாவது விஷயம் உங்கள் ஸ்பின்லாக். லாக்டெப் இதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு ரிப்போர்ட் கொடுத்தவுடனேயே அது தன்னை நிறுத்திக்கொள்ளும். ப்ராக் அடைவில் லாக்டெப்_ஸ்டாட்ஸ் கோப்பைத் திறந்து டீபக்_லாக்ஸ் என்ற வரியைப் பாருங்கள், பூச்சியம் என்றிருக்கும், அதாவது அடுத்த ரீபூட் வரை இனி ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரீபூட் பண்ணித்தான் அடுத்ததைப் பார்க்கலாம். உங்கள் கால்பேக் இன்டரப்ட் சூழலில், அதாவது வன்பொருள் குறுக்கிட்டு ஓடுகிற வேலையை நிறுத்திவைக்கும்போது, ஓடக்கூடியது, அது பிடிக்கிற அதே ஸ்பின்லாக்கை வொர்க்கில் வெறும் ஸ்பின்_லாக் கொண்டு பிடித்திருக்கிறீர்கள். வொர்க் அதை வைத்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து கால்பேக் ஓடினால், அது தன் காலடியிலேயே நிறுத்திவைக்கப்பட்ட வொர்க் லாக்கை விடும் என்று சுற்றிக்கொண்டே இருக்கும், ஒருநாளும் விடாது. இரண்டு இடத்திலும் இன்டரப்டை மூடிவிட்டு லாக்கைப் பிடிக்கிற ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போட்டுவிடுங்கள். கால்பேக்கில் அது வேண்டாம் என்று சில பழைய கோடுகளில் பார்ப்பீர்கள். கன்ட்ரோலரைப் பொறுத்து அது இன்டரப்ட் திறந்த நிலையிலும் அழைக்கப்படலாம், ஆகவே போடுவதே பாதுகாப்பு. ஸ்பின்லாக் கையில் இருக்கும்போது காப்பி_டு_யூசர் (தரவை யூசர் புரோகிராமுக்கு நகலெடுப்பது) அழைக்க வேண்டாம், அது தூங்கலாம்.

நான் பார்க்காத கோடைப் பற்றிய சந்தேகங்கள் இனி. யூஎஸ்பி_ரெஜிஸ்டர்_டெவ் மூலம் கருவிக் கோப்பு உண்டாக்கியிருந்தால், டிஸ்கனெக்டில் அதை நீக்குகிற யூஎஸ்பி_டீரெஜிஸ்டர்_டெவ் அழைப்பையும் மியூடெக்ஸுக்கு வெளியே, கொடிக்கும் முன்னால் வையுங்கள். அது உள்ளே ஒரு லாக் எடுக்கிறது, ஓப்பன் ஓடும்போதும் அதே லாக் பிடிபட்டிருக்கும், உங்கள் ஓப்பன் மியூடெக்ஸைக் கேட்டால் மறுபடி அதே கதை. சிஸ்எஃப்எஸ் (கர்னல் விஷயங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்பு ஏதாவது வைத்து, அதில் எழுதும்போது ஓடுகிற ஸ்டோர் ஃபங்க்ஷனில் மியூடெக்ஸைப் பிடித்தால், மியூடெக்ஸை வைத்துக்கொண்டு அந்தக் கோப்பை நீக்கக் கூடாது, நீக்குவது ஓடுகிற ஸ்டோர் முடியும்வரை நிற்கும். ரிப்போர்ட்டில் கேஎன் ஆக்டிவ் என்று வந்தால் இதுதான். எம்மேப் (டிரைவரின் நினைவகத்தைப் புரோகிராம் நேரே பார்க்க விடுவது) ஆதரவு இருந்தால் தனியாக எழுதுங்கள், அது வேறு தலையிடி. கருவி போன பிறகும் யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கக்கூடும், ஆகவே நினைவகத்தை நேரே கேஃப்ரீ பண்ணி விடுவிக்காமல், கடைசி ஆள் விட்ட பிறகே விடுவிக்கிற கேரெஃப் எண்ணிக்கையில் விட்டுவிடுங்கள். இந்த முழு ஒழுங்கையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கர்னல் மூலத்தில் டிரைவர்ஸ் அடைவுக்குள் யூஎஸ்பி-ஸ்கெலிட்டன் என்று மாதிரி டிரைவர் ஒன்று இருக்கிறது, அதன் டிஸ்கனெக்ட் ஃபங்க்ஷன் ஒரு திரையில் அடங்கிவிடும். வொர்க் எதுவும் அதில் இல்லை, ஆனால் நீக்கம், கொடி, கில், கேரெஃப் என்ற வரிசை அப்படியே தெரியும்.

சோதிப்பதற்குக் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி போர்ட்டைத் தேய்க்க வேண்டாம். சிஸ்எஃப்எஸ்ஸில் உங்கள் டிரைவரின் அடைவில் அன்பைண்ட், பைண்ட் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். இன்டர்ஃபேஸின் பெயரை அவற்றில் எழுதினால் டிஸ்கனெக்டும் புரோப்பும் ஓடும். ஒரு டெர்மினலில் தொடர்ந்து ரீட், இன்னொன்றில் அன்பைண்ட் பைண்ட் லூப், இரவு முழுக்க விடுங்கள். என் சொல்லில் நம்பிக்கை இல்லாவிட்டால் (இல்லாதிருப்பதும் நல்லதுதான்) திருத்துவதற்கு முன் வொர்க்கின் தொடக்கத்தில், மியூடெக்ஸைக் கேட்கும் வரிக்கு முன்னால், ஐந்து செக்கன் தூங்கவைக்கும் எம்ஸ்லீப் ஒன்று போட்டு, அது தூங்குகிற நேரத்தில் அன்பைண்ட் பண்ணுங்கள். கட்டளை திரும்பி வராது. வழக்கமான அமைப்பில் 120 செக்கன் தாண்டியதும் டாஸ்க் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கர்னலே செய்தி போடும். சிஸ்ரிக்யூ (கர்னலுக்கு நேரே கொடுக்கும் விசைக் கட்டளை) 'டபிள்யூ' அடித்தால் நிற்கிற டாஸ்க்குகளின் ஸ்டாக் வரும், அவை லாக்டெப் சொன்ன அதே இரண்டு பாதைகளாகவே இருக்கும்.

லாக்டெப் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரி என்று எடுத்துவிடவும் வேண்டாம். ஓடாத பாதையை அது பார்ப்பதில்லை. பிழை வந்தால் மட்டும் ஓடுகிற கிளைகளில்தான் இந்த மாதிரி விஷயங்கள் ஒளிந்திருக்கும். வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன் மாதிரிக் காத்திருப்புகளில் வருகிற வட்டங்களும் பொதுவாக அதற்குப் பிடிபடாது. இன்னொன்று, உங்கள் மாட்யூலில் லைசென்ஸ் வரி இருக்கிறதா? ஜிபிஎல்லோடு (கர்னலின் திறந்த மூல லைசென்ஸ்) ஒத்துப்போகும் லைசென்ஸ் அறிவிக்காத மாட்யூலை ஏற்றியவுடன் கர்னல் லாக் பரிசோதனையை நிறுத்திவிடும், டிமெசேஜில் ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு. அதைக் கவனிக்காமல், எச்சரிக்கை போய்விட்டது என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனை முடிந்ததும் இறங்குதுறையில் வைக்கப்போகும் ராஸ்பெரி பையில் இந்தக் கர்னலை விடாதீர்கள், வேகம் நன்றாகக் குறையும்.

கேட்காததற்கும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். செக்கனுக்கு ஒரு அளவீடு எடுப்பதற்குக் கர்னல் டிரைவர் தேவைதானா என்று யோசித்தீர்களா? சென்சருக்குள் இருப்பது எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 மாதிரி சீரியல் சிப் என்றால் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, வேறு என்றாலும் லிப்யூஎஸ்பி என்ற லைப்ரரி கொண்டு, கர்னலுக்கு வெளியே யூசர் பக்கத்தில் எழுதினால் பிழைவிட்டாலும் புரோகிராம் மட்டும்தான் விழும். படிப்பதற்காக எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள், அதற்கு இதைவிட நல்ல பிழை கிடைக்காது. கடலோரத்தில் ஆளில்லாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டியதற்கு நானாக இருந்தால் லிப்யூஎஸ்பிதான். திருத்திய பிறகு ரீபூட் பண்ணி வருகிற ரிப்போர்ட்டை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள், ரீட், ஓப்பன் இரண்டையும் சேர்த்து. ஸ்பின்லாக்கைத் தொடாமல் விட்டிருந்தால் அடுத்த எச்சரிக்கை அநேகமாக முரணான லாக் நிலை என்றுதான் வரும்.